எழும்பூர் மியூசியமும் கன்னிமாராவும்: பதினான்கு பேரோடு ஒரு நாள் போய்வர

முதலில் நாளைக் குறியுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். மியூசியத்துக்கு வார விடுமுறை வெள்ளி. நான் அது தெரியாமல், ஆபீசில் லீவு போட்டு, அத்தை கட்டிக் கொடுத்த தயிர்சாதத் தூக்கோடு பதினான்கு பேரைப் பாந்தியன் சாலைக்குக் கூட்டிப்போய், பூட்டிய கேட்டின் முன்னால் நிறுத்தினேன். இன்றும் வீட்டில் யாராவது "வெள்ளிக்கிழமை" என்றால் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். தேசிய விடுமுறை நாட்களிலும் திறப்பதில்லை, அதையும் காலண்டரில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆள் கணக்கு. வாட்ஸ்ஆப் குரூப்பில் கேட்டால் கட்டைவிரல் மட்டும் வரும், ஆள் வராது. போன் போட்டுக் கேளுங்கள். சந்திக்கும் இடம் எழும்பூர் ஸ்டேஷன், மெட்ரோவும் அங்கேயே நிற்கிறது, அங்கிருந்து ஒரு கிலோமீட்டர்தான். வயதானவர்கள் இருந்தால் ஆட்டோ.

இப்போது வரிசை. எல்லாரும் குழந்தைகளுக்காகத் திமிங்கில எலும்புக்கூட்டில் ஆரம்பிப்பார்கள். நான் மாட்டேன். கால் வலிக்கும் முன் வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட வேண்டும், திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் இரண்டின் முன்னும் ஆளுக்கு ஐந்து நிமிஷமாவது நில்லுங்கள். அர்த்தநாரியை முன்னால் பார்த்தால் மட்டும் போதாது, பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு பாதியும் எங்கே சேர்கிறது என்று தேடிப் பாருங்கள். அப்புறம் அமராவதிக் கற்கள். ஆந்திராவில் குண்டூர்ப் பக்கத்துப் பௌத்த ஸ்தூபத்திலிருந்து வந்த சிற்பங்கள், அதே ஸ்தூபத்தின் இன்னொரு பங்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. திமிங்கிலம் கடைசியில், அலுத்துப்போன பிள்ளைகளுக்கு லஞ்சமாக.

சாப்பாட்டுக்குப் பின் அதே வளாகத்திலேயே கன்னிமாரா நூலகம். 1896-ல் திறந்தது. சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. அந்தப் பழைய கட்டடத்தைப் பார்க்க ஆசை என்றால், கூட்டமாக நேரே போகாமல் ஒருவர் முன்னாலேயே போய் அனுமதி கேட்டுவிட்டு வரட்டும். பெரிய பை வேண்டாம். பிள்ளைகளிடம் "சத்தம் போடாதே" என்று சொல்லாமல், ஆளுக்கொரு பழைய புத்தகத்தின் பதிப்பு ஆண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், தானாக அடங்கும்.

பின்சேர்க்கை: கேமரா பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். டிக்கெட் வாங்கும்போதே கவுன்டரில் கேட்டு, கட்டணம் இருந்தால் அங்கேயே கட்டி, ரசீதைக் கையில் வைத்திருங்கள். எங்கள் ரசீது தயிர்சாதத் தூக்குக்குள் போய்விட்டது.