எம்ஜிபி காரின் பழைய கேஜ்களை நீங்களே சரிசெய்யலாம்

பெட்ரோல் முள் தப்பாகக் காட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய கேஜை, அதாவது டேஷ்போர்டில் இருக்கும் அளவு காட்டும் மீட்டரை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். அவசரப்படாதீர்கள். பல நேரம் கேஜில் கோளாறே இருக்காது. என்னுடைய 1972 எம்ஜிபியை வைத்தே விளக்குகிறேன். இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் இது.

முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். 1974க்கு முந்தைய எம்ஜிபியில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும், தேடிக்கொண்டு நிற்காதீர்கள். டேஷ்போர்டின் பின்பக்கத்தை நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயருக்கும் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்து ஸ்டெபிலைசர். டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகர டப்பா. பேட்டரி வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் பெட்ரோல் கேஜுக்குச் சராசரியாக 10 வோல்ட் போகும்படி பார்த்துக்கொள்வது இதுதான். உள்ளே ஒரு தகடு சூடாகி வளைந்து, தொட்டுத் தொட்டு விலகும். அதனால் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரில் எண் குதித்துக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. பேட்டரியைத் திரும்ப இணைத்துச் சாவியைப் போட்டுப் பாருங்கள். குதிக்காமல் 12 வோல்ட் நின்றால்தான் கோளாறு. உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். டப்பாவைப் பிடித்திருக்கும் திருகுதான் அதன் எர்த். என் காரில் அந்தத் திருகுக்கு அடியில் துரு. உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்ததும் முள் சரியாக நின்றது. அப்படியும் சரியாகவில்லை என்றால், அதே வடிவத்தில் கிடைக்கும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசரைப் போடுங்கள். நான் முழுமனதோடு சொல்லும் அப்கிரேடு இது.

பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு ஸ்பீடோமீட்டருக்கு வாருங்கள். கேபிள் நட்டைக் கையாலேயே திருகலாம். கேஜைப் பிடித்திருக்கும் நட்டுகளையும் கழற்றினால் வெளியே வந்துவிடும். குரோம் வளையத்தை நெம்பவே கூடாது. மெல்லச் சுற்றுங்கள், அதன் பற்கள் மீட்டர் கூட்டின் வெட்டுகளுக்கு நேராக வந்ததும் தானாக விடுபடும். கண்ணாடியைச் சோப்புநீரில் கழுவலாம். டயலை மட்டும் காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தேன், 30இல் இருந்த பூஜ்ஜியம் துணியோடு வந்துவிட்டது. முள்ளையும் இழுக்காதீர்கள். மீட்டர் கூட்டின் உட்சுவரில் உள்ள வெள்ளை பெயின்ட் மஞ்சளாகியிருந்தால் அதை மட்டும் புதிதாகப் பூசுங்கள், இரவில் வெளிச்சம் கூடும். முள் ஆடுகிறதென்றால் கேபிளுக்குக் கொஞ்சம் கிரீஸ் போடுங்கள். மேல்முனையில் ஒரு சாண் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறிவிடும்.

ஆயிலும் டெம்பரேச்சரும் சேர்ந்த இரட்டைக் கேஜை முதல் முயற்சியில் தொடாதீர்கள். அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய செம்புக் குழாய்க்குள் ஈதர் அடைத்திருக்கும். குழாய் முறுகி உடைந்தால் வீட்டில் ஒட்ட முடியாது.

கேஜ்களுக்கு வெளிச்சம் தரும் பல்புகளுக்குப் பதில் எல்இடி போடலாம். பக்கவாட்டில் ஒளி வீசும் வார்ம் ஒயிட் வாங்குங்கள், கூசும் நீலவெள்ளை இந்த டயலுக்குப் பொருந்தாது. 1967 வரை வந்த கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கார் பாடியோடு இணைந்திருக்கும், எல்இடி வாங்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் சிவப்பு சார்ஜிங் விளக்கில் மட்டும் பழைய 2.2 வாட் பல்பே இருக்கட்டும். ஆல்டர்னேட்டர், அதாவது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர், சார்ஜ் செய்யத் தொடங்குவதற்கான முதல் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. அங்கே எல்இடி போட்டால் பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம்.

எல்லாவற்றையும் மாட்டியதும் பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்புங்கள். பெட்ரோல் முள் உடனே எழாது. கேஜுக்குள்ளும் சூடாகி வளையும் தகடுதான், அரை நிமிடமாவது கொடுங்கள். வளைவுகளில் டேங்கில் பெட்ரோல் அலைந்தாலும் முள் அசையாமல் நிற்பதும் அந்த நிதானத்தால்தான்.