நாற்பது கால், ஒரே வளைவு: ரூட்டருக்கு நாமே செய்துகொள்ளும் ஜிக்

பின் கால் வளைந்த நாற்காலி ஒன்று செய்வது பெரிய விஷயமில்லை. அதே மாதிரி இருபது வேண்டும் என்று ஆர்டர் வரும்போதுதான் வேலை தெரியும். மொத்தம் நாற்பது பின் கால். ஒன்றில் வளைவு அரை நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) தள்ளிப்போனாலும் முதுகுச் சட்டத்தின் கழுந்து, அதாவது துளைக்குள் இறங்கும் முனை, துளையில் நேராக உட்காராது. தட்டி இறக்கிவிடலாம், ஆனால் நாற்காலி ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

சென்னை வியாசர்பாடியில் எங்கள் பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதுதான்: "ஏண்ணா, ஒரு காலை மேல வச்சு பென்சில்ல கோடு போட்டு ஜிக்சால அறுத்தா போதாதா?" ஒன்றிரண்டுக்குப் போதும்பா. பத்தைத் தாண்டினால் பென்சில் மழுங்க மழுங்கக் கோடு வெளியே தள்ளும், அறுப்பவன் கை ஒரு தடவை கோட்டுக்கு உள்ளே போகும், ஒரு தடவை வெளியே போகும். நாற்பதாவது காலை முதல் காலோடு சேர்த்துப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியும்.

இதற்கு வழி ரூட்டரும் ஜிக்கும். ரூட்டர் என்பது வேகமாகச் சுற்றும் அலகால் மரத்தின் ஓரத்தைச் செதுக்கும் மெஷின்; ஜிக் என்பது ஒவ்வொரு மரத்தையும் ஒரே மாதிரி பிடித்துக்கொள்ளும் பலகை. ரூட்டரில் மாட்டும் அலகுதான் பிட், நமக்கு வேண்டியது பேரிங் வைத்த பிட். வெட்டும் அலகின் விட்டமும் பேரிங்கின் விட்டமும் ஒன்றே. பேரிங் டெம்ப்ளேட்டின், அதாவது வளைவை வெட்டி வைத்த மாதிரிப் பலகையின், ஓரத்தில் உருண்டு போகும்; அலகு அதே கோட்டில் மரத்தை வெட்டும். பேரிங் தண்டுப் பக்கம், அதாவது மெஷினில் மாட்டும் பக்கம், இருக்கும் பிட் ஒன்று, நுனியில் இருக்கும் பிட் ஒன்று என இரண்டும் வாங்கி வையுங்கள். ஏன் என்று கீழே வரும். அரை இஞ்சு விட்டம், 25 மி.மீ. அலகு நீளம் உள்ளதே பெரும்பாலான வேலைக்குப் போதும். மெஷின் ஏற்றுக்கொள்ளும் என்றால் அரை இஞ்சுத் தண்டாகவே எடுங்கள். கால் இஞ்சுத் தண்டு தேக்கில் அதிரும். அந்த அதிர்வு அப்படியே மரத்தில் வரிவரியாகப் பதியும்.

பிட் எதைத் தொட்டாலும் அதை அப்படியே திருப்பிச் செய்யும், அதில் உள்ள பழுதையும் சேர்த்து. அதனால் நாற்பது காலுக்குச் செலவிட வேண்டிய பொறுமை முழுவதையும் அந்த ஒரு டெம்ப்ளேட்டில் செலவிடுங்கள்.

டெம்ப்ளேட்டுக்கு 12 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நல்லது. சைடன்ஹாம்ஸ் ரோட்டு பிளைவுட் கடைகளில் வெட்டு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண பிளைவுட்டின் ஓரத்தில் அடுக்குக்கு நடுவே பொந்து இருக்கும். பேரிங் அதன் மேல் வந்ததும் உள்ளே இறங்கும், அந்த இடத்தில் காலில் ஒரு குழி விழும். பிளைவுட்தான் கையில் இருக்கிறது என்றால் பொந்துகளை எம்-சீல் வைத்து அடைத்து, காய்ந்த பிறகு தேய்த்துக்கொள்ளுங்கள்.

வளைவு வரைய மூன்று ஆணி போதும். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. முடிச்சும் கணுவும் இல்லாத மெல்லிய மரப்பட்டியை அவற்றின் மேல் வளைத்துப் பிடித்துக் கோடு போட்டால் உடைசல் இல்லாத வளைவு கிடைக்கும். ஜிக்சாவில் கோட்டுக்கு வெளியே அறுங்கள். அதன்பின் மர அரம், கடைசியில் உப்புத்தாள். உப்புத்தாளைக் கையில் மடித்துப் பிடித்துத் தேய்க்காதீர்கள். அது மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தைத் தேய்க்கும். கோடு போட்ட அதே மரப்பட்டியில் உப்புத்தாளை ஒட்டி, வளைத்துப் பிடித்து நீளவாக்கில் இழுத்தால் மேடு மட்டும் குறையும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தின் மேல் நடுவிரலை மெதுவாக ஓட்டுங்கள். கண் நிழலைப் பார்த்து ஏமாறும், விரல் ஏமாறாது. விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அவசரமாக ஆர்டர் இருக்கும் நாளிலும் இதை மட்டும் நான் ஓட்டிவிடுவதில்லை.

சரி, இனி ஜிக். டெம்ப்ளேட்டை மரத்தில் ஆணியடித்தோ இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியோ வேலை செய்யலாம். ஒவ்வொரு காலுக்கும் ஒட்டிப் பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். அந்த டெம்ப்ளேட்டை வைத்தே 18 மி.மீ. பலகையில் அதே வளைவை வெட்டி, அந்தப் பலகையையே ஜிக்கின் அடித்தளமாக்குங்கள். கால் 900 மி.மீ. நீளம் என்றால் பலகை 1000 மி.மீ. இருக்கட்டும், இரண்டு முனையிலும் 50 மி.மீ. நீண்டு நிற்கும்படி. இந்த 50 மி.மீ. முக்கியம். மரம் பிட்டைத் தொடுவதற்கு முன்பே பேரிங் பலகையில் சாய்ந்துகொள்ள இடம் வேண்டும். அது இல்லாமல் மரத்தின் முனையை நேராகக் கொண்டுபோய் பிட்டில் வைத்தால், மெஷின் மரத்தைக் கையிலிருந்து பிடுங்கி எறியும்.

பலகையின் மேல் பின்புறமாக ஒரு தடுப்புக் கட்டை, ஒரு முனையில் இன்னொரு தடுப்புக் கட்டை. இரண்டும் சேரும் மூலையில் விரல் அகலம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் மரத்தூள் அந்த மூலையில் சேர்ந்து, அடுத்த கால் சரியாகப் போய் ஒட்டாது. தடுப்புக் கட்டைகளின் மேல் இரண்டு டாகிள் கிளாம்ப். பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். நெம்புகோலை அமுக்கினால் மரம் இறுகும், தூக்கினால் விடும். கை வைத்துத் தள்ள, பிட்டிலிருந்து தள்ளி இரண்டு கைப்பிடி. ஸ்க்ரூ எதுவும் பிட் போகும் பாதையில் இருக்கக் கூடாது.

காலுக்கு முன்பக்க வளைவும் உண்டு, பின்பக்க வளைவும் உண்டு. ஒரே பலகையின் இரண்டு ஓரத்தையும் பயன்படுத்தலாம். முதல் ஓரத்தில் தடுப்புக் கட்டை நேராக இருக்கும், ஏனென்றால் அங்கே வைப்பது இன்னும் நேரான மரம். இரண்டாவது ஓரத்தில் தடுப்புக் கட்டையையே முன்பக்க வளைவுக்கு ஏற்ப வெட்டி வைக்க வேண்டும், அங்கே போய் உட்காருவது ஏற்கெனவே வளைந்த முகம். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே காலின் அகலம் எல்லா இடத்திலும் ஒன்றாக வருவது இதனால்தான்.

வேலைக்கு முன் மரத்தை ஜிக்கில் வைத்துக் கோடு போட்டு, வெளியே எடுத்து, கோட்டுக்கு அரை நூல் வெளியே அறுத்துவிடுங்கள். ஒரு நூலுக்கு மேல் மிச்சம் வைத்தால் பிட் திணறும், மரமும் கருகும். மண்ணடி, முத்தியால்பேட்டைப் பக்கம் பழைய வீடு இடித்து வரும் தேக்கு என்றால் முதலில் காந்தத்தை ஓட்டி ஆணி பாருங்கள்.

ரூட்டரைத் தலைகீழாக மேசையில் பொருத்தியிருக்கும்போது, மேலிருந்து பார்த்தால் பிட் இடஞ்சுழியாகச் சுற்றும். மரம் உங்கள் பக்கம் இருக்க வேண்டும், தள்ளுவது வலமிருந்து இடமாக. எதிர்த்திசையில் தள்ளினால் பிட் மரத்தை இழுத்துக்கொண்டு ஓடும், கூடவே கையும் போகும். தண்டுப் பக்கம் பேரிங் உள்ள பிட்டைப் போட்டு, பேரிங் அடிப்பலகையில் படும்படி உயரம் வையுங்கள். தண்டை காலெட்டின் (ரூட்டரில் பிட்டைப் பிடிக்கும் வாய்) அடி வரை இறக்கி, இரண்டு மி.மீ. மேலே தூக்கிய பிறகு முடுக்குங்கள்.

கால் 38 மி.மீ. தடிமன், அலகு 25 மி.மீ. தான். மிச்சம் 13 மி.மீ. நிற்கும். காலை ஜிக்கிலிருந்து எடுத்துப் புரட்டி மேசையில் வைத்து, நுனியில் பேரிங் உள்ள பிட்டை மாட்டுங்கள். இப்போது பேரிங் நாம் வெட்டிய முகத்திலேயே உருளும், அலகு கீழே மிச்சமிருப்பதை எடுக்கும். இந்தச் சுற்றில் ஜிக்கின் நீட்டிய முனை கிடையாது. மேசையில் பிட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊன்று முளை அடித்து, மரத்தை முதலில் அதில் சாய்த்து, பிறகு மெல்ல பேரிங்குக்குக் கொண்டுவாருங்கள்.

வளைவில் பாதித் தூரம் நார் ஓட்டம் பிட்டோடு ஒத்துப்போகும், மீதியில் எதிர்த்து நிற்கும். எதிர்க்கும் இடத்தில்தான் சிலாம்பு பெயரும், வேம்பில் ரொம்பவே. அந்தப் பாதியில் அறுக்கும்போதே கோட்டை ஒட்டி அறுத்து, ரூட்டரில் மெல்லிசாக இரண்டு மூன்று ஓட்டாக எடுங்கள்.

இதே முறையில் உள்துளையும் போடலாம். எங்கள் பக்கம் கேரம் போர்டுக்குக் குழி போடும் வேலை வரும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா நம்ம புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு. அந்த மாதிரிப் பிள்ளைகள் கை பழகும் போர்டில் நாலு குழியும் ஒன்றாக இருக்க வேண்டாமா? குழி 44.5 மி.மீ., ஸ்ட்ரைக்கர் 41.3 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. நடுவில் இருப்பது ஒரு நூல்தான். சதுரப் பலகையில் துல்லியமான ஒரு வட்டம் வெட்டி, அதன் அடியில் செங்கோணமாக இரண்டு தடுப்புக் கட்டை அடியுங்கள். போர்டின் மூலையில் கொண்டுபோய் அண்டக் கொடுத்து கிளாம்ப் போட்டால், நாலு மூலையிலும் ஒரே தூரத்தில் வட்டம் நிற்கும். உள்ளே ஜிக்சாவில் கொஞ்சம் சிறிதாக அறுத்துவிட்டு, கையில் பிடித்த ரூட்டரில் தண்டுப் பக்கப் பேரிங் பிட்டை மாட்டி, துளைக்குள் வலஞ்சுழியாக ஓட்டுங்கள். அடியில் ஒரு வேண்டாத பலகையைக் கொடுத்தால் கீழ் அடுக்கு பெயராது.

எம்டிஎஃப் தூள் மிக நைசானது, முகமூடி இல்லாமல் வெட்டாதீர்கள். தொளதொளச் சட்டைக் கை வேண்டாம்.

பிட்டில் பிசின் படிந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம், ஆனால் பேரிங்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள், உள்ளே உள்ள கிரீஸ் கரைந்துவிடும். இன்னொன்று: சாணை பிடித்த பிட்டின் விட்டம் குறைந்திருக்கும், பேரிங் அதே அளவில்தான் இருக்கும். அதனால் வெட்டும் துண்டு டெம்ப்ளேட்டைவிட இம்மி பெரிதாக வரும். ஒரு ஆர்டர் முழுவதையும் ஒரே பிட்டில் முடியுங்கள், பாதியில் மாற்றாதீர்கள்.

மழைக்காலத்தில் எம்டிஎஃப் ஓரம் ஈரத்தில் ஊதிக்கொள்ளும், கடற்காற்று வேறு. ஓரங்களுக்கு இரண்டு கை சீலர் அடித்து, தேய்த்து, ஆணியில் தொங்கவிடுங்கள். சுவரில் சாய்த்தால் வளையும், தரையில் வைத்தால் எங்கள் தெருவில் ஐப்பசியில் தண்ணீர் வந்து எடுத்துப்போகும். டெம்ப்ளேட்டின் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள்: எந்த நாற்காலி, எந்தப் பக்கம் மேலே, பிட் விட்டம், மரத்தின் தடிமன்.