வேலூர்ப் போக்குவரத்துத் திட்டமிடலில் கிளவுட் ஜி.ஐ.எஸ்: தொடங்கும் முறை

வரைபடத்தோடு இடம் சார்ந்த தரவையும் சேர்த்து ஆராயும் கணினி முறைதான் ஜி.ஐ.எஸ். அதை இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில் ஓட்டுவது கிளவுட் ஜி.ஐ.எஸ். அதைத் தொடங்க, முதலில் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். 'வேலூரின் நெரிசலைக் குறைப்பது எப்படி' என்பதற்கு எந்த வரைபடமும் விடை தராது. மாறாக, 'காலை 8 மணிக்குப் புறப்பட்டால் அணைக்கட்டு, கணியம்பாடி, கே.வி.குப்பம் ஒன்றியங்களின் எந்தெந்த ஊர்க்காரர்கள் பேருந்தில் 45 நிமிடத்துக்குள் சி.எம்.சி. மருத்துவமனையை அடைய முடியும்' என்று கேட்டால், என்னென்ன தரவு வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

சாலைகளை, தன்னார்வலர்கள் சேர்ந்து தொகுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பேருந்து நேரங்களை ஜி.டி.எஃப்.எஸ். வடிவில், அதாவது நிறுத்தங்களையும் நேரங்களையும் கணினி படிக்கும்படி எழுதும் பொது வடிவில், அட்டவணையாக்க வேண்டும். நிறுத்தம் நிறுத்தமாகச் செய்ய வேண்டிய, பொறுமையைக் கேட்கும் வேலை இது. பிறகு சாலை, நிறுத்தம் முதலிய எல்லாத் தரவு அடுக்குகளையும் க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளில் திறந்து, தூரங்களை மீட்டரில் அளக்க ஏதுவாக யூ.டி.எம். என்ற ஆயத்தொலை முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு (மென்பொருளில் அதன் குறியீடு இ.பி.எஸ்.ஜி. 32644) மாற்றுங்கள்.

சாலைக் கோடுகளை ஒன்றோடொன்று இணைத்து வலைப்பின்னலாக்கும் அடுத்த கட்டத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் வழுக்குகின்றன. கிரீன் சர்க்கிளில் தேசிய நெடுஞ்சாலை 48 மேம்பாலத்தின் மேலே போகிறது. ஊர்ச் சாலை அதன் கீழே போகிறது. வரைபடத்தில் இரு கோடுகளும் வெட்டிக்கொள்வதைப் பார்த்து மென்பொருள் அங்கே ஒரு சந்திப்பை உருவாக்கிவிட்டால், பேருந்து பாலத்தின் மேலிருந்து கீழே நேராக இறங்கிவிடும் என்று கணக்கு சொல்லும். ஆகவே தானியங்கி இணைப்பு வசதியை நிறுத்திவிட்டு, இணைப்புச் சாலைகள் உண்மையில் சேரும் இடங்களில் மட்டும் கணுக்களை, அதாவது சந்திப்புப் புள்ளிகளை, வையுங்கள். பாலாற்றுப் பாலத்திலும் இதே கவனம் வேண்டும்: விருதம்பட்டு, காந்தி நகர், காட்பாடிப் பக்கத்து மக்கள் ஊருக்குள் வர அதையே பெரிதும் நம்பியிருப்பதால், அந்த ஒரே கோடு அறுந்திருந்தால் ஆற்றுக்கு வடக்கே உள்ள விடைகள் அத்தனையும் பிழையாகிவிடும்.

இதுவரை சாதாரண மடிக்கணினியே போதும். கிளவுட் தேவைப்படுவது கணக்கு பெருகும்போதுதான். 500 குடியிருப்புகளிலிருந்து 40 இடங்களுக்கு, நாளின் 24 மணிநேரத்துக்கும் தனித்தனியே பயண நேரம் பார்த்தால் 4,80,000 பயணங்கள் ஆகின்றன. ஒரு நிறுத்தத்தை இடம் மாற்றும் ஒவ்வொரு யோசனைக்கும் அத்தனையையும் மறுபடி ஓட்ட வேண்டும். இடம் சார்ந்த தரவைச் சேமித்துக் கணக்கிடும் போஸ்ட்ஜி.ஐ.எஸ். தரவுத்தளத்தை மும்பையில் உள்ள கிளவுட் மையம் ஒன்றில் நிறுவி, மணிவாரியாகப் பிரித்துப் பல சர்வர்களில் ஒரே சமயம் ஓட்டினால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். தரவுத்தளம் ஒன்றே என்பதால், மாநகராட்சிப் பொறியாளரும் பேருந்துப் பணிமனையில் இருப்பவரும் ஒரே வரைபடத்தைத் திருத்தலாம். யாருக்கு எழுதும் உரிமை, யாருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் என்பதை முதல் நாளே வகுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சர்வரை நிறுத்துங்கள். நிறுத்திய பின்னும் சேமிப்பு வட்டுக்குக் கட்டணம் ஏறும் என்பதால், வேண்டாத வட்டுகளை நீக்கிவிடுவதும் அவசியம்.

விடை வந்ததும் யாருக்கும் காட்டிவிடாதீர்கள். ஜி.பி.எஸ். பதிவு செயலி ஓடும் கைபேசியோடு பாகாயத்திலிருந்து காட்பாடிக்கு, காலை நெரிசலில் ஒரு நாளும் மதியத்தில் ஒரு நாளும் பேருந்தில் போய் வாருங்கள். கணக்கிட்ட நேரமும் கைபேசி காட்டும் நேரமும் எந்தெந்தச் சாலைத் துண்டில் விலகுகின்றன என்று பார்த்து, அந்தத் துண்டின் வேகத்தையும் திருப்பத்தில் காத்திருக்கும் விநாடிகளையும் தரவுத்தளத்தில் திருத்திவிட்டு, மறுபடி ஓட்டுங்கள்.