போனில் ‘யா, யா’ என்றுவிட்டேன், இனி இரண்டு வருடம் காசு கட்ட வேண்டுமா?

மாலை ஆறு மணி. அடுப்பில் கறி கொதிக்கிறது, காதில் போன். மறுமுனையில் ஒரு பெண் மளமளவென்று டொச்சில் (ஜேர்மன் மொழியில்) கதைக்கிறார்: இன்டர்நெட், வேகம், மாதம் இவ்வளவு யூரோ. ஊரில் ‘ஓம், ஓம்’ என்று கேட்டுப் பழகிய வாய் இங்கே ‘யா, யா’ என்கிறது. ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதுதான் நாம் நினைக்கும் பொருள். நாலு நாள் கழித்து, உங்கள் ஆர்டருக்கு நன்றி என்று கடிதம் வருகிறது. சில வேளை ரவுட்டரே வந்து இறங்கிவிடுகிறது.

பதற வேண்டாம். ஜேர்மனியில் 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வீட்டு போனோ, மொபைலோ, இன்டர்நெட்டோ, நீங்கள் சம்மதிப்பதற்கு முன்பே ஒப்பந்தச் சுருக்கம் ஒன்று எழுத்தில் உங்கள் கைக்கு வர வேண்டும். ‘ஃபெர்ட்ராக்ஸ்-சுசாம்மென்ஃபாசுங்’ என்று தலைப்பு இருக்கும். நிறுவனத்தின் முகவரி, வேகம், விலை, எத்தனை மாதம், எப்படி நிறுத்துவது எல்லாம் அதில் இருக்கும். போனில் கதைக்கும்போது அதை முன்கூட்டித் தர வழியில்லை என்றால் பேச்சு முடிந்ததும் உடனே அனுப்ப வேண்டும். அதைப் பெற்ற பிறகு நீங்கள் எழுத்தில் சரி சொல்லும்வரை ஒப்பந்தம் செல்லாது. மின்னஞ்சல், எஸ்எம்எஸ், கடிதம் எல்லாம் எழுத்துக் கணக்கில் வரும். வாயால் சொன்ன ‘யா’ வராது.

இது தெரிந்தால், பெரிய தவறு எங்கே நடக்கிறது என்பதும் விளங்கும். போனை வைப்பதற்கு முன்பே எஸ்எம்எஸ்ஸில் ஒரு லிங்க் வரும். ‘அதை ஒருக்கால் அழுத்துங்கோ, தகவல் அனுப்பத்தான்’ என்பார்கள். அந்த அழுத்தல்தான் சட்டம் கேட்கிற சம்மதமாக முடியலாம். சுருக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், மறுமுனை அவசரப்படுத்த, பாதுகாப்பாக வைத்திருந்த ஒரே பூட்டை நாமே திறந்து கொடுக்கிறோம். ‘யா’ என்று பதில் எஸ்எம்எஸ் போடுவதும் அதே கதைதான். போனில் இருக்கும்போது எதையும் அழுத்தாதீர்கள், எந்த இலக்கத்தையும் வாசித்துக் காட்டாதீர்கள். நல்ல விலை என்றால் நாளைக்கும் வாசித்துப் பார்த்து முடிவெடுக்கலாம்.

அடுத்தது 14 நாள் குழப்பம். போனிலோ, இணையத்திலோ, வாசலிலோ செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். ‘விடர்ரூஃப்’ என்று இதைச் சொல்வார்கள். அந்த 14 நாள் போய்விட்டது, இனிக் கட்டத்தான் வேண்டும் என்று பலர் தலையைக் குனிந்துவிடுகிறார்கள். உறுதி செய்யாத ஒப்பந்தம் பிறக்கவே இல்லையே, பிறகு எதைத் திரும்பப் பெறுவது? இருந்தாலும் கடிதத்தில் இரண்டையும் எழுதுவது புத்தி: ‘நான் எழுத்தில் சம்மதம் தரவில்லை, ஆகவே ஒப்பந்தம் இல்லை. தந்ததாக நீங்கள் சொன்னால் ஆதாரத்தைக் காட்டுங்கள். முன்னெச்சரிக்கையாக விடர்ரூஃபும் அறிவிக்கிறேன்.’ இந்த உரிமை பற்றி உங்களுக்குச் சரியாக அறிவிக்கப்படவில்லை என்றால் அந்தக் காலம் இன்னும் 12 மாதம் நீளும்.

ரவுட்டர் வந்திருந்தால் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஆசையில் பொருத்திவிட்டீர்கள், லைனும் ஓடிவிட்டது என்றாலும் இடிந்துபோக வேண்டியதில்லை. உறுதி செய்வதற்கு முன்பே நிறுவனம் சேவையைத் தொடங்கி, நீங்கள் கடைசிவரை உறுதி செய்யவில்லை என்றால், ஓடிய நாட்களுக்கும் அது காசு கேட்க முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த வரி அது.

‘எங்கள் பழைய கொம்பனியை அவர்களே நிறுத்திவிட்டார்களாம்’ என்று சிலர் கவலைப்படுவார்கள். ஒப்பந்தம் மாற்றும்போது அந்த அதிகாரத்தையும் நீங்கள் எழுத்தில்தான் கொடுக்க முடியும். பழைய நிறுவனத்துக்கு அன்றே எழுதி, நான் நிறுத்தச் சொல்லவில்லை என்று அறிவியுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் நம்பரே கைமாறிவிடலாம்.

எல்லா ஒப்பந்தத்துக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று நினைப்பதும் பிழை. இணையத்தில் வாங்கும்போது சுருக்கம் முதலிலேயே வந்து, பிறகு நீங்கள் ஆர்டர் பட்டனை அழுத்தியிருந்தால், மறுபடி உறுதி செய்யத் தேவையில்லை, 14 நாள்தான் மிச்சம். கடைக்குப் போய் சுருக்கத்தைக் கையில் வாங்கிக் கையெழுத்தும் போட்டால் அந்த 14 நாளும் சட்டப்படி கிடையாது. கிளாஸ்ஃபாசர் (கண்ணாடி இழை வழி இன்டர்நெட்) விற்க வீட்டு வாசலுக்கு வருபவர் டேப்லெட்டை நீட்டினால், விரலால் போடும் கையெழுத்தும் கையெழுத்துத்தான்.

இனி மௌனம். சுருக்கம் வந்து நீங்கள் பதில் போடாமல் இருந்தால் அது சம்மதம் ஆகாது. ஆனால் பில் வரத் தொடங்கிய பிறகும் சும்மா இருப்பது வேறு விஷயம். எழுத்தில் மறுத்துவிடுங்கள். பில்லை மறுக்கக் குறைந்தது எட்டு வாரம் தவணை உண்டு. வங்கியிலிருந்து காசை எடுத்துவிட்டார்களா? டெபிட்டை எட்டு வாரத்துக்குள் காரணம் இல்லாமலே திருப்பலாம். நீங்கள் அனுமதியே கொடுக்காத டெபிட் என்றால் 13 மாதம் வரை.

மறுத்து எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள் மறுத்திருக்கும் கடனை, நினைவூட்டல் கடிதம் போட்டோம் என்ற காரணத்தை வைத்து ஷூஃபாவில் (யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று பதிந்து வைக்கும் நிறுவனம்) பதிய முடியாது. வீடு வாடகைக்குத் தேடியவர்களுக்கு ஷூஃபாவின் அருமை தெரியும்.

இன்காசோ என்னும் கடன் வசூல் நிறுவனத்தின் கடிதம் வந்தால் நம்மவர்கள் நடுங்கிப்போய்க் கட்டிவிடுகிறார்கள். சிவப்பு எழுத்தில் எவ்வளவு பயமுறுத்தினாலும் அது கோர்ட் இல்லை. ஒருமுறை மறுத்து எழுதினால் போதும். ஆனால் மஞ்சள் உறையில் ‘மான்பெஷைட்’ என்னும் காசு கட்டச் சொல்லும் உத்தரவு வந்தால் அன்றைக்கே திறக்க வேண்டும். அது கோர்ட்டிலிருந்து வருவது. உங்களிடம் காசு கேட்பது நியாயமா என்று கோர்ட் அந்தக் கட்டத்தில் பார்ப்பதே இல்லை, கேட்டவர் கேட்டதை அனுப்பிவிடும். இரண்டு வாரத்துக்குள், கூடவே வரும் படிவத்தில் மறுப்புக் கட்டத்தில் புள்ளடி போட்டு அனுப்ப வேண்டும். காரணம் எழுதத் தேவையில்லை. உறையை எறிந்துவிடாதீர்கள், கையில் கிடைத்த தேதி அதில்தான் எழுதியிருக்கும். முழுக்க உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் இந்த இரண்டு வாரத்தைத் தவறவிட்டால், அடுத்த கட்டம் சொத்தில் கைவைக்கும் உத்தரவு. அதை எதிர்க்கவும் இரண்டு வாரம்தான்.

தனியாக எழுதப் பயமாக இருந்தால் உங்கள் மாநிலத்தின் ஃபெர்பிராவுகர்சென்ட்ராலே என்னும் நுகர்வோர் ஆலோசனை நிலையத்துக்குப் போங்கள். மாதிரிக் கடிதங்கள் அவர்களின் இணையதளத்திலேயே இருக்கின்றன. நிறுவனம் மசியவில்லை என்றால் பொன் (Bonn) நகரில் இருக்கும், தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான புண்டெஸ்நெட்ஸ்அகென்டூரின் சமரசப் பிரிவு கட்டணம் இல்லாமல் வழக்கை எடுக்கும், ஆனால் முதலில் நிறுவனத்திடம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் அனுமதி கொடுக்காமல் விளம்பரத்துக்கு போன் எடுத்ததையும் அதே அரசு அமைப்பிடம் முறையிடலாம். அதற்கு 300,000 யூரோ வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. முறைப்பாட்டில் முதலில் கேட்பது போன் வந்த நாள், நேரம், இலக்கம், சொன்ன பெயர். கறி அடிப்பிடித்தாலும் பரவாயில்லை, போனை வைத்ததும் அந்த நாலையும் ஒரு துண்டில் குறித்து வையுங்கள்.