வார்டு தேர்தல்: சென்னையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

2022 பிப்ரவரி 19-ஆம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மாநிலம் முழுக்கச் சுமார் 60 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். சென்னையில் 43.59 சதவீதம்தான். அதுவும் ஐந்து வருஷத்துக்கும் மேலாகக் கவுன்சிலரே இல்லாமல் இருந்த ஊரில்! 2016 அக்டோபரில், கவுன்சிலர்கள் எல்லோரும் அடங்கிய பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அப்போது நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்ற உத்தரவால் நின்றுபோனது. வர்தா புயல், 2019 தண்ணீர்ப் பஞ்சம், கொரோனா என எல்லாவற்றையும், கவுன்சிலர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகத்திலேயே கடந்தோம். தெருவில் மரம் சாய்ந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. கடைசியில் தேர்தல் வந்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் சில தவறுகளைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. தேர்தல் நாளில் நடப்பவை இவற்றில் குறைவு. அதற்கு முன்னும் பின்னும் நடப்பவைதான் அதிகம்.

"என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது?"

சட்டமன்றத் தேர்தலுக்கு இந்தப் பேச்சு பொருந்துமோ என்னவோ, வார்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. 2022-ல் சென்னையின் வாக்காளர்கள் 61 லட்சத்துக்கும் மேல். வார்டுகள் 200. சராசரியாகப் பார்த்தால் வார்டுக்கு 30,000 பேர். பதிவான சதவீதத்தைக் கணக்கிட்டால் ஓட்டுப் போட்டவர்கள் 13,000 பேர் அளவுக்குத்தான் வருவார்கள். அதை ஆறேழு வேட்பாளர்கள் பிரித்துக்கொண்டால் ஐந்தாறாயிரம் ஓட்டு வாங்கியவர் கவுன்சிலர் ஆகிவிடலாம். ஒரு பெரிய அடுக்குமாடி வளாகமும் அதன் பக்கத்திலுள்ள நாலு தெருவும் சேர்ந்து முடிவெடுத்தால் வார்டே மாறும். இந்தக் கணக்கு வேட்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும். எந்தத் தெருவில் ஓட்டு விழும், எந்த வளாகத்தில் விழாது என்று தெரிந்துதான் வருகிறார்கள். ஓட்டு விழாத தெருவுக்கு அடுத்த ஐந்து வருஷமும் அவர்கள் வர வேண்டிய அவசியமில்லை.

வாக்காளர் அட்டை கையில் இருக்கிறதே என்று சும்மா இருப்பதும் தவறு. ஓட்டுப் போடும் உரிமையைத் தருவது பட்டியலில் உள்ள பெயர். அட்டை அடையாளத்துக்கு மட்டும்தான். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது. அதனால் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்ட அதே பள்ளியில்தான் இதற்கும் போட வேண்டும் என்பதில்லை. 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.) ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டன. வாடகை வீடு மாறியவர்கள், வயதான பெற்றோர், புதிதாக 18 வயது ஆன பிள்ளைகள் என வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

தப்பான கதவைத் தட்டுவது

எனக்கு மிகவும் ஆதங்கம் தருகிற தவறு இதுதான். தெருவில் எது நடந்தாலும் "கவுன்சிலர் என்ன பண்றார்?" என்கிறோம், அல்லது "கார்ப்பரேஷன் சரியில்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் நம் தெருவுக்கு முதலாளி ஒருவர் இல்லை. தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, பூங்கா, கொசு மருந்து எல்லாம் மாநகராட்சி. குடிநீரும் பாதாள சாக்கடையும் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம். மின்சாரம், தெருமுனையில் திறந்து கிடக்கும் மின்பெட்டி, தொங்கும் கம்பி எல்லாம் மின்வாரியம். சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறை வசம். பல ஏரிகள் நீர்வளத் துறையின் கையில் இருக்கின்றன. சிக்னல் போலீஸ்.

ஒரு உதாரணம். தெருவில் கறுப்பாக, நாற்றமெடுத்த தண்ணீர் ஓடுகிறது. எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். சாலை நடுவில் உள்ள வட்ட மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தால் அது பாதாள சாக்கடை அடைப்பு. மெட்ரோ வாட்டரின் 4567 4567 எண்ணில் புகார் செய்து, உங்கள் பகுதி டிப்போ (மெட்ரோ வாட்டரின் பகுதி அலுவலகம்) பொறியாளரைப் பிடிக்க வேண்டும். சாலை ஓரமாகக் கான்கிரீட் பலகை போட்டு மூடிய கால்வாயிலிருந்து வழிந்தால் அது மழைநீர் வடிகால். அதற்கு மாநகராட்சியின் 1913, அல்லது வார்டு உதவிப் பொறியாளர். அவரை எல்லோரும் ஏ.இ. என்றே சொல்வார்கள்.

இதில் மூன்றாவது ஒன்றும் உண்டு. மழையே இல்லாத ஏப்ரல் மாதத்திலும் மழைநீர் வடிகாலில் தண்ணீர் தேங்கி, கொசு மொய்க்கிறதா? யாரோ வீட்டுக் கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக வடிகாலில் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மாநகராட்சியைக் கேட்டால் "இது கழிவுநீர், மெட்ரோ வாட்டர்" என்பார்கள். மெட்ரோ வாட்டரைக் கேட்டால் "இது வடிகால், மாநகராட்சி" என்பார்கள். உங்களுக்குக் கவுன்சிலர் தேவைப்படும் இடம் இதுதான். இரண்டு துறைப் பொறியாளர்களையும் ஒரே நேரத்தில், ஒரே பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைப்பது தனி ஆளால் முடியாது. மக்கள் பிரதிநிதியால் முடியும். எரியாத ஒரு விளக்குக்காக அவரைத் தேடிப் போவது அவருடைய நேரத்தையும் உங்கள் நேரத்தையும் வீணாக்கும்.

எந்தப் புகாராக இருந்தாலும் புகார் எண்ணை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டு நாலு பேர் கோப முகம் வைப்பதால் எந்த ஏ.இ.க்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. எண், தேதி, விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண், எதிரிலுள்ள வீட்டின் கதவு எண் என எல்லாம் இருந்தால், "சரி செய்யப்பட்டது" என்று பொய்யாக முடித்து வைக்கும்போது திரும்பக் கேட்கலாம். ஒரே தெருவிலிருந்து பத்துப் பேர் தனித்தனியாகப் புகார் செய்தால் அதற்கு வரும் மரியாதையே வேறு.

இந்தத் தேர்தலில் மேயரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1996-ல் அப்படித்தான் நடந்தது. 2011-லும் மக்களே நேரடியாக மேயருக்கு ஓட்டுப் போட்டார்கள். 2022-ல் அப்படி இல்லை. கவுன்சிலர்கள் கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றாட நிர்வாகம் ஆணையர் கையில் இருக்கிறது, அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. வரி, வரவு செலவு, பெரிய ஒப்பந்தங்கள் என மாமன்றத்தின் தீர்மானம் தேவைப்படுகிறவை நிறைய. தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத 2022 ஏப்ரலில் சொத்து வரி 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை ஏறியது நினைவிருக்கும். முடிவு மாநில அரசுடையது என்றாலும் மாமன்றத்திலும் அது தீர்மானமாக வந்தது. உங்கள் கவுன்சிலர் அன்று பேசினாரா, பேசியிருந்தால் என்ன பேசினார் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

செய்ய முடியாததைச் சொல்பவரை நம்புவது

"தெரு நாய்களையே இல்லாமல் செய்வேன்" என்று ஒரு வேட்பாளர் சொன்னால், விதி தெரியாமல் சொல்கிறார் அல்லது தெரிந்தே சொல்கிறார். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் 2023-ல் வந்த ஒன்றிய அரசின் விதி. அவரிடம் கேட்க வேண்டியது வேறு. நம் தெருவுக்குக் கருத்தடை வண்டி வருஷத்துக்கு எத்தனை முறை வரும், குழந்தைகள் போகும் பள்ளிப் பாதையில் இறைச்சிக் கழிவு கொட்டுவதை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். கடித்தால் குழந்தைகள் படும் பாடு சாதாரணமானதில்லை. அதனால்தான் வெற்று வாக்குறுதியை ஏற்கக் கூடாது என்கிறேன்.

சாலை வாக்குறுதியும் இப்படித்தான். "புது ரோடு போட்டுத் தருகிறேன்" என்றால் கை தட்டுகிறோம். எப்படிப் போடுவீர்கள் என்று கேட்பதில்லை. பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே உயரத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு கண்டிப்பாக உத்தரவிட்டார். சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை மாம்பலம், கொளத்தூர், வேளச்சேரி பக்கம் பழைய வீடுகள் உள்ள தெருக்களில் போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் முதலில் அந்த வீட்டுக் கூடத்துக்குத்தான் போகிறது. பிறகு அவர்கள் கடன் வாங்கி வீட்டை உயர்த்துகிறார்கள். வேலை நடக்கும் அன்று வாசலில் நின்று, சுரண்டும் இயந்திரம் வந்ததா என்று பார்ப்பது ஒரு தெருவுக்குப் பெரிய சேவை. வராவிட்டால் வேலை தொடங்கும் முன்பே ஏ.இ.க்கும் கவுன்சிலருக்கும் போன் போட வேண்டும். தார் ஊற்றிய பிறகு பேசிப் பயனில்லை.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். வார்டு அளவில் இதன் விளைவு நம் வாசலுக்கே வந்து நிற்கும். ஓட்டுக்குக் காசு இறைத்தவர் போட்ட காசை எடுக்க வேண்டாமா? வீடு கட்டுகிறவர், குழாய் இணைப்புக்குச் சாலை வெட்டுகிறவர், தள்ளுவண்டி போடுகிறவர், ஒப்பந்தக்காரர் என்று வசூல் போகும். ஒப்பந்தக்காரர் தான் கொடுத்ததைத் தாரின் கனத்தில் குறைப்பார். வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் சொத்தும் வழக்குகளும் இருக்கும். அதைப் படிக்கப் பத்து நிமிஷம் போதும்.

பெண் கவுன்சிலரின் கணவரிடம் பேசுவது

மாமன்றத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு வந்த உரிமை இது. ஆனால் பல வார்டுகளில் நடப்பது என்ன? பெண் கவுன்சிலரின் போனைக் கணவரோ அண்ணனோ எடுக்கிறார். ஆய்வுக்கும் அவரே வருகிறார். நாமும் "சார்கிட்ட சொல்லிட்டேன்" என்று திரும்பிவிடுகிறோம். இதற்கு நாமும் உடந்தை. மனுவில் அவர் பெயரை எழுதுங்கள். "அம்மாகிட்டதான் பேசணும், எப்ப வரட்டும்?" என்று நேராகக் கேளுங்கள். தெருக் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பொதுக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதெல்லாம் ஒரு பெண்ணிடம் சொன்னால் சட்டென்று புரியும் விஷயங்கள். அந்தப் பேச்சு அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

ஓட்டுப் போட்டதோடு முடிந்தது என்று இருப்பது

கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கும் ஒன்று வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. முதல்வர் ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் உட்கார்ந்து மக்கள் சொன்னதைக் கேட்டார். சென்னையில் ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதி என்றால் சில தெருக்கள்தான். அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். இதைவிடச் சிறிய மேடை அரசில் வேறு இல்லை. ஆனால் கூட்டம் எப்போது, எங்கே என்று பலருக்குத் தெரிவதில்லை. சில இடங்களில் கட்சிக்காரர்கள் நாலு பேர் மட்டும் உட்கார்ந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். போகிறவர்களும் "என் வீட்டு வாசலில்" என்று தனிக்குறையோடு மட்டும் போகிறார்கள். தெருவே கூடி, இந்த வருஷம் நமக்கு வேண்டிய வேலை இது என்று ஒன்றை முடிவு செய்து எழுத்தில் கொடுத்து, அது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்தால், அடுத்த கூட்டத்தில் கேட்பதற்குக் கையில் ஆதாரம் இருக்கும்.

குடியிருப்போர் நலச் சங்கங்களை நடத்துகிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் உழைப்பு பெரிது. குளங்கள் மீண்டதும் பூங்காக்கள் பிழைத்ததும் பல இடங்களில் உங்களால்தான். ஆனால் "பகுதி நன்றாக இருக்க வேண்டும்" என்ற கோரிக்கையை, காய்கறி வண்டிக்காரரை விரட்டுவது, ஏழைகளுக்கு அரசு கட்டித் தந்த வாரியக் குடியிருப்புப் பக்கம் சுவர் எழுப்புவது என்று சுருக்கிவிடாதீர்கள். தெரு வியாபாரிகளுக்கு 2014-லிருந்து தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வாரியக் குடியிருப்பின் கழிவுநீர் தேங்கினால் அந்தக் கொசு உங்கள் மூன்றாவது மாடிக்கும் வரும். அவர்களுடைய ஓட்டு சதவீதம் பெரும்பாலும் உங்களுடையதைவிட அதிகம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் எந்தக் கட்சிக் கவுன்சிலரும் அதை ஒதுக்கி வைக்க மாட்டார்.

அடுத்த தேர்தலில் துண்டறிக்கையோடு வாசலுக்கு வருபவரிடம் கேட்க இவை போதும்: பகுதி சபை எங்கே, எந்த மாதம் நடத்துவீர்கள்? அதன் தேதியை எங்கள் தெருமுனையில் ஒட்டுவீர்களா? வார்டு மேம்பாட்டு நிதியில் என்ன வேலை, எந்தத் தெருவில், எவ்வளவுக்கு என்று வருஷா வருஷம் எழுதித் தருவீர்களா? போனை யார் எடுப்பார்கள்? பதிலை அங்கேயே, அவர் முன்னாலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.