பெண்கள் கபடி அணி தொடங்குகிறீர்களா? முதலில் வீட்டு வாசலுக்குப் போங்கள்

ஊரில் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்க நினைப்பவர்கள் முதல் வேலையாக 12-க்கு 8 மீட்டர் அளந்து, கல் பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, விசிலோடு நின்றுவிடுகிறார்கள். களம் ஒரு நாளில் தயாராகிவிடும். பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டி அங்கே வந்து சேர்வதுதான் பெரிய வேலை, அதையும் பயிற்சியாளர்தான் செய்ய வேண்டும்.

அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். அம்மாவும் பாட்டியும் என்ன கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும்: "கை கால் உடைஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" இதற்குக் கோபப்படாமல் பதில் வைத்திருங்கள். அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூட வருவார்கள், எத்தனை மணிக்கு வீட்டில் விடுவீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருப்பதையும், 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடியதையும் சொல்லுங்கள்.

உடை விஷயத்தில் பிடிவாதம் வேண்டவே வேண்டாம். முழுக்கால் பேன்ட் போட்டு வரட்டும். தலையையும் கை கால்களையும் மூடிக்கொண்டு ஆடிய ஈரான் பெண்கள்தான் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் இந்தியாவை 27-24 என்று வென்றார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நம் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின், அதற்காகப் பாரசீக மொழியையும் கற்றுக்கொண்டவர்.

அப்புறம் இடம். எந்தத் தெருவில் களம் போடுகிறீர்கள் என்பதிலேயே யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது முடிவாகிவிடும். கோயில் திடலோ ஊர்த்தெருவோ என்றால் காலனிப் பிள்ளைகள் தயங்குவார்கள், சில ஊர்களில் விடவே மாட்டார்கள். அதனால் அரசுப் பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரே தண்ணீர்க் குடம், ஒரே டம்ளர், எல்லோருக்கும் அதே. யாராவது வீட்டிலிருந்து தனி பாட்டில் கொடுத்தனுப்பினால், அது சுத்தத்துக்காகவா சாதிக்காகவா என்று கவனியுங்கள். இதில் மட்டும் வளைந்து கொடுக்காதீர்கள்.

களத்தில் முதல் சிக்கல் குரல். "பொம்பளப் புள்ள சத்தம் போடாதே" என்று கேட்டே வளர்ந்தவளிடம் திடீரென்று மூச்சுவிடாமல் "கபடி கபடி" என்று நடுவருக்குக் கேட்கும்படி பாடச் சொல்கிறோம். முணுமுணுத்தால் ரெய்டு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகும் முறை, வீணாகிவிடும். முதல் வாரம் பிடி, உதை எதுவும் வேண்டாம். மைதானத்தின் ஒரு கோடியில் அவளும் மறு கோடியில் நீங்களும் நின்று, அவள் பாடுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும் வரை 30 வினாடி பாட வையுங்கள். கை கோத்துச் சங்கிலியாக நின்று ரெய்டரை (பாடி வருபவளை) மடக்குபவர்களும் ஒருவருக்கொருவர் கத்தியே ஆக வேண்டும். வயதில் மூத்த அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சமாக இருந்தால் சின்னதாக ஒரு களப் பெயர் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் "அக்கா, ரைட்ல வா" என்று சொல்லி முடிப்பதற்குள் ரெய்டர் தொட்டுவிட்டுப் போய்விடுவாள்.

நீங்கள் ஆண் என்றால் கணுக்கால் பிடி, இடுப்புப் பிடியை நீங்களே பிடித்துக் காட்ட வேண்டாம். மூத்த வீராங்கனை ஒருத்தியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், கூடவே ஒரு பெண் உதவியாளர் இருக்கட்டும். மாதவிடாய் நாளில் ஆடுவதா உட்காருவதா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை பக்கத்தில் இல்லையென்றால் அன்று மட்டுமல்ல, மற்ற நாளும் வரமாட்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கும். அதற்கு ஒரு வருடம் முன்பே விளையாட்டு விடுதி, கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டா விவரங்களைச் சேர்த்து, சான்றிதழ்களை ஒரு ஃபைலில் போட்டு அம்மா கையில் கொடுங்கள். நிச்சயம் ஆகிவிட்டதா? சரி, மாப்பிள்ளை வீட்டாரை அடுத்த மேட்ச்சுக்குக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள்.