அந்தோனியாரிடம் போகும் அவசரத்தில்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் எதிலாவது பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் நேரே புனித அந்தோனியார் சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, போவார்கள். கண்ணாடிக் கூண்டைத் தொட்டு விரலை முத்திசெய்து, மெழுகுதிரி கொளுத்தி, ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இயேசுவின் உடலாக நாம் நம்பும் அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழை பக்கம் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கம் ஒரு தலைவணக்கம்கூட இருக்காது. திண்ணையில் இருக்கும் வீட்டுக்காரரைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போகிற மாதிரிதான் இது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, சுரூபங்களுக்குச் செய்வது வணக்கம் என்று 787-இலேயே ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் பிரித்துச் சொல்லிவிட்டது. முதலில் பேழைக்கு முன் முழந்தாளிடுங்கள், அப்புறம் அந்தோனியாரிடம் போங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எந்த அந்தோனியார் என்பதிலும் குழப்பம் உண்டு. கையில் குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருந்தால் பதுவை அந்தோனியார், திருநாள் ஜூன் 13. தாடியும் பக்கத்தில் பன்றியும் இருந்தால் எகிப்தின் வனத்து அந்தோனியார், ஜனவரி 17. செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் பதுவையாருக்கு உரியது. 1231-இல் அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

நேர்ச்சையில்தான் அதிகம் தடுமாறுகிறோம். “வேலை கிடைச்சா என் பிள்ளை வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவான்” என்று அம்மா நேர்ந்துவிடுவார். வேலை கிடைத்து அவன் துபாய்க்குப் போயிருப்பான். அங்கே அவனுக்குக் காய்ச்சல் வந்தால்கூட, நேர்ச்சை தீர்க்காததுதான் காரணம் என்று இங்கே பேச்சு எழும். நேர்ச்சை என்பது கடவுளுக்குத் தரும் வாக்கு. அது நேர்ந்தவரை மட்டுமே கட்டும் என்கிறது திருச்சபைச் சட்டம், எண் 1193. மகனுக்காக அம்மா நேர்ந்தால் நடக்க வேண்டியது அம்மாதான்! முடியாமல் போனால் அதற்குச் சமமான, அல்லது அதைவிட மேலான நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம். குறைத்துக்கொள்ள வேண்டுமானால் பங்குச்சாமியிடம், அதாவது ஊர்க் கோயில் பாதிரியாரிடம், கேட்க வேண்டும்.

என் அம்மா கோட்டாறு சவேரியார் தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்வதாக நேர்ந்திருந்தார். டிசம்பர் 3 நெருங்கும்போது முழங்கால் வீங்கி, கட்டிலை விட்டு இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டிய நிலை. பங்குச்சாமி வந்து பார்த்தார். பக்கத்து வீட்டில் கண் தெரியாத பாட்டிக்கு ஒரு மாதம் தினமும் பைபிள் வாசித்துக் காட்டச் சொன்னார். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. “சரி சாமி, இதை சவேரியார்கிட்ட யாரு சொல்லுவா?” என்றார். “நானே சொல்லுதேன்” என்றார் சாமி. அப்புறம்தான் அம்மா கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

‘யூதா ததேயு செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கெடுதல் வரும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கடற்கரை ஊர்களில் சிலுவை வைத்த சிறு கோயில்களான குருசடிகளின் திண்ணையைக் கவனித்திருக்கிறீர்களா? உப்புக்காற்றில் ஆணி துருப்பிடித்து விழுந்த மாதா படம், தலை போன சூசையப்பர், போன வருடக் காலண்டர் எல்லாம் மழையில் ஊறிக் கிடக்கும். உடைந்ததை வீட்டில் வைக்கப் பயம். சாமியார் மந்திரித்த, அதாவது ஆசீர்வதித்த, பொருளைக் குப்பையில் போடவும் மனசு வராது. படமானால் எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம். சுரூபமானால் தோட்டத்தில், கால்படாத இடத்தில் குழி தோண்டிப் புதைக்கலாம். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்கும் வேலை மிச்சம்.

கேட்டது கிடைக்காவிட்டால் புனிதரையே மாற்றுவதும் நம் பழக்கம்தான். புலியூர்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம். விலங்கு பூட்டப்பட்டுத் தாகத்தில் தவித்த புனித தேவசகாயம் முழங்கையால் பாறையில் இடிக்க ஊறிய தண்ணீர் என்பது மரபு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, அரண்மனையில் வேலை பார்த்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். தண்ணீர் குடித்த பிறகும் அவருடைய விலங்கு கழலவில்லை. 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்றது. அடுத்த தடவை பாட்டிலை நிரப்பியதும் வீட்டுக்குத் திரும்பாமல், ஆரல்வாய்மொழி பஸ் பிடித்து, அவரைச் சுட்ட காற்றாடிமலைக்கும் போய்வாருங்கள்.